வீட்டுத் தண்ணீரைப் பார்த்துச் செடி வாங்குங்கள்: மீன் தொட்டித் தாவர வளர்ப்புக்கு ஒரு முழு வழிகாட்டி

மீன் கடைக்குக் கிளம்புவதற்கு முன் சமையலறைக்குப் போய், வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? உங்கள் வீட்டில் கடினநீர். பாத்திரம் பளிச்சென்று இருந்தால் மென்னீர். மீன் தொட்டியில் எந்தச் செடி பிழைக்கும், எது பதினைந்தே நாளில் கூழாகும் என்பதில் பாதி அந்தப் பாத்திரத்தின் அடியிலேயே தெரிந்துவிடும்.

எனக்கு இது தெரிய இரண்டு வருஷம் ஆனது. தாம்பரம் பக்கத்தில் எங்கள் வீட்டு போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த உப்பின் மொத்த அளவு) 900-ஐத் தொடும். படங்களில் பார்த்த சிவப்புச் செடிகளில் மயங்கி, அவற்றையே வாங்கி வந்து நட்டேன். கரைந்தன. உரம் போட்டேன், பாசி வந்தது. விளக்கை மாற்றினேன், இன்னும் அதிகப் பாசி. மூன்று முறை தொட்டியைக் கலைத்த பிறகுதான், செடிக்காகத் தண்ணீரை மாற்றும் முயற்சியை விட்டுவிட்டு, தண்ணீருக்கேற்ற செடியைத் தேட ஆரம்பித்தேன். இப்போது வாரம் தவறாமல் கத்தரிக்கோல் எடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் இரண்டடி நீளத் தொட்டிக்கு. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கிடையாது, குளிரூட்டும் கருவி கிடையாது. நம் ஊர் வெயில், நம் ஊர் தண்ணீர்.

தண்ணீரைத் தெரிந்துகொள்வது

நிலத்துச் செடிக்குக் காற்றிலிருந்து கார்பன் கிடைத்துவிடும். நீருக்குள் அது அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. கடினநீரில் கரைந்திருக்கும் கார்பனில் பெரும்பகுதி பைகார்பனேட் வடிவில் இருக்கிறது. வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வார்ட் போன்றவை அந்தப் பைகார்பனேட்டையே எடுத்துப் பயன்படுத்தத் தெரிந்தவை. கபோம்பாவுக்கும் மாஸ் வகைகளுக்கும் அந்த வித்தை தெரியாது. கரைந்த கார்பன் டை ஆக்சைடு வாயுதான் வேண்டும். ஒரே தொட்டியில் வாலிஸ்நேரியா காடாக வளர, பக்கத்திலேயே கபோம்பா உதிர்ந்துபோவதற்கு இதுதான் காரணம். உங்கள் கைராசியைக் குறை சொல்லாதீர்கள்.

டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பின் மொத்த அளவை மட்டும் காட்டும். அது கால்சியமா, சோடியமா என்று பிரித்துச் சொல்லாது. கால்சியத்தால் கடினமான நீரில் பல செடிகள் நன்றாகவே வளரும். கடலோரப் பகுதிகளின் உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் திண்டாடும். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். துல்லியம் வேண்டுமென்றால் மீன் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கரித்தால், அல்லது படிவு மிகக் கனமாக இருந்தால், மழைநீரையோ ஆர்ஓ தண்ணீரையோ பாதிக்குப் பாதி கலக்கலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பல வீடுகளில் மாடியிலிருந்து குழாய் இறங்கும். முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு அதன் பிறகு பிடியுங்கள். முழுக்க ஆர்ஓ தண்ணீரையே ஊற்றாதீர்கள். அதில் கால்சியம், மெக்னீசியம் இல்லாததால் புது இலை சுருண்டு வரும். ஆர்ஓ கருவி வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்க வேண்டாமே என்று தொட்டியில் ஊற்றுபவர்களும் உண்டு. வேண்டாம், அது உப்பு செறிந்த தண்ணீர்.

சிறுவாணித் தண்ணீர் வரும் கோயம்புத்தூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். நான் கைவிட்ட செடிகளில் பலவற்றை அவர்கள் தைரியமாக முயலலாம்.

அப்புறம் குளோரின். குழாய்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ, வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரத்துக்கு, ஆன்டி குளோரின் என்று கடைகளில் விற்கும் சோடியம் தயோசல்பேட் படிகம் போதும்.

தொட்டியும் விளக்கும்

நீளம் 60 செ.மீ., அகலம் 30, உயரம் 30 என்றால் 54 லிட்டர். கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்த்து 80 கிலோவை நெருங்கும், எனவே டிவி ஸ்டாண்டை நம்ப வேண்டாம். உயரம் அதிகமான தொட்டியை விட அகலமான தொட்டி நல்லது. வெளிச்சம் அடிவரை போகும், கையும் எட்டும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

செடி வளர்க்க ஊதாவும் சிவப்புமாக மின்னும் விலை உயர்ந்த விளக்கு தேவையில்லை. லிட்டருக்குச் சுமார் 20 லூமென் (வெளிச்சத்தின் அளவு) போதும். இந்தத் தொட்டிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1000 லூமென் வரும். மின்சாதனக் கடையில் கிடைக்கும் இரண்டடி, 10 வாட், 6500 கெல்வின் வெள்ளை எல்இடி பட்டியே அந்த அளவைத் தரும். அதைக் கண்ணாடி மூடிக்கு மேலே வையுங்கள், திறந்த நீருக்கு நேர் மேலே தொங்கவிடாதீர்கள். எல்லா ஒயரும் பிளக்கை விடக் கீழே ஒரு வளைவு இறங்கி, பிறகு மேலேறிச் சொருக வேண்டும். ஒயரில் வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

விளக்கோடு கண்டிப்பாக வாங்க வேண்டியது ஒரு டைமர். முதல் மாதம் தினமும் 6 மணி நேரம், பிறகு 7 அல்லது 8. சாயங்காலம்தானே நாம் தொட்டியைப் பார்க்கிறோம்? பகல் 2 முதல் இரவு 9 வரை எரியட்டும். கையால் போட்டு அணைக்கிறேன் என்பவர்கள் ஒரு நாள் மறந்து தூங்கிப்போவார்கள், அந்த வாரமே பாசி வந்து நிற்கும்.

ஃபில்டருக்கு, காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். மின்வெட்டு நேரத்தில் பேட்டரிப் பம்பிலும் ஓடும்.

தரை அமைப்பது

நிறம் பூசிய கற்களை வாங்காதீர்கள். வேர் பிடிக்காது, பூச்சும் உரியும். எம்-சாண்டில் தூளும் கூர்முனையும் அதிகம். நான் பயன்படுத்துவது தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிகளில் நிரப்புவதற்காக விற்கும் ஃபில்டர் மணல். 1 முதல் 2 மி.மீ. பருமன், கழுவினால் சுத்தமாகிவிடும், விலையும் குறைவு. எந்த மணலாக இருந்தாலும் ஒரு கைப்பிடியில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்போ சிப்பித் தூளோ இருக்கிறது, தண்ணீரை இன்னும் கடினமாக்கும். பளிங்குக் கல்லையும் கடற்கரைச் சிப்பியையும் இதே காரணத்துக்காக ஒதுக்க வேண்டும்.

இரண்டு வழி உண்டு. முதலாவது, 5 செ.மீ. மணல் மட்டும், அதற்குச் சுமார் 14 கிலோ பிடிக்கும். வேரில் உண்ணும் செடிகளுக்குப் பக்கத்தில் மட்டும் உர மாத்திரை புதைத்தால் போதும். இரண்டாவது, அடியில் 2 செ.மீ. தோட்டத்து மண், மேலே 4 செ.மீ. மணல். எரு, யூரியா கலக்காத மண்ணாக எடுத்து, சலித்து, வாளியில் ஊறவைத்து, மிதப்பதையெல்லாம் நான்கைந்து முறை வடித்துவிட்டுப் போட வேண்டும். இரண்டாவது வழியில் செடி வளர்வதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் ஒரு செடியை இடம் மாற்றப் பிடுங்கினால் மண் கிளம்பித் தொட்டி முழுக்கக் காபி நிறம். முதல் தொட்டியில் எல்லோரும் தினமும் செடியை இடம் மாற்றுவார்கள், நானும் மாற்றினேன். அதனால் முதல் முறைக்கு மணலும் மாத்திரையும் என்பதே என் சிபாரிசு. மண்படுகையை இரண்டாவது தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செடித் தேர்வு

கடினநீர்க்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது வாலிஸ்நேரியா. நாடா போன்ற இலை, பின்பக்கக் கண்ணாடியை மறைக்கும் உயரம், தரையில் ஓடுதண்டு விட்டுத் தானே பரவும் குணம். வீட்டுத் தொட்டி வரலாறே இந்தச் செடியிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்லலாம். 1849-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் தங்கமீனையும் வாலிஸ்நேரியாவையும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சேர்த்து வைத்தார். செடி ஆக்சிஜன் கொடுத்தது, ஆனால் அழுகிய இலைகள் தண்ணீரைக் கெடுத்தன. குளத்து நத்தைகளை விட்டதும் அவை அழுகலைத் தின்று தீர்த்தன, தண்ணீர் தெளிந்தது. அடுத்த ஆண்டு இதை லண்டன் வேதியியல் சங்கத்தில் விவரித்தார். தொட்டியில் நத்தையைப் பார்த்ததும் அலறுபவர்களிடம் நான் சொல்லும் கதை இது.

அடுத்து கிரிப்டோகோரைன், சுருக்கமாக கிரிப்ட். இதில் வெண்டியை, பெக்கெட்டியை ஆகிய இரண்டும் இயற்கையாக இலங்கையில் மட்டுமே வளர்பவை. கடினநீரையும் மங்கிய வெளிச்சத்தையும் பொறுத்துக்கொள்ளும். இதே குடும்பத்து உறவுச் செடி ஒன்றின் கிழங்குதான் சித்த மருந்துக் கடைகளில் நாட்டு அதிவிடயம் என்ற பெயரில் விற்கப்படுகிறது. கிரிப்டை ஒருமுறை நட்டால் தொடக் கூடாது. இடம் மாற்றினாலோ தண்ணீர் திடீரென மாறினாலோ இலை முழுக்கக் கரைந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேர் உயிரோடு இருக்கும், மூன்று வாரத்தில் புது இலை எட்டிப் பார்க்கும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் கல்லிலோ மரக்கட்டையிலோ கட்டி வளர்ப்பவை. கிடைமட்டமாக ஓடும் தடித்த தண்டை மணலில் புதைத்தால் அழுகும். தையல் நூலால் கட்டலாம், ஜெல் வகை சூப்பர் க்ளூவில் ஒரு சொட்டு வைத்தும் ஒட்டலாம். ஜாவா ஃபெர்னின் பழைய இலைகளின் அடியில் கறுப்புப் புள்ளிகளும் அவற்றிலிருந்து குட்டிச் செடிகளும் வந்தால் நோய் என்று நினைக்க வேண்டாம், இனப்பெருக்கம்.

வேகமாக வளரும் தண்டுச் செடியும் வேண்டும், ஏனென்றால் ஆரம்ப நாட்களில் தண்ணீரின் சத்தைப் பாசிக்கு முன்னால் உறிஞ்சுவது அதுதான். வாட்டர் விஸ்டீரியா இதற்குச் சரியான செடி. நம் வயலோர நீர்முள்ளியின் இனம், இந்தியாவிலேயே இயற்கையாக இருப்பது. வல்லாரையோடு குழப்பப்படும் நீர்ப்பிரமியும் நீருக்குள் மெதுவாக, நேராக வளரும். வேரே இல்லாத ஹார்ன்வார்ட்டை மிதக்கவிட்டால் போதும்.

கொட்டிச் செடியைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளியில் ஆம்பலோடும் நெய்தலோடும் சேர்த்து மனப்பாடம் செய்த அதே கொட்டிதான். அதன் நெருங்கிய உறவுகள் அப்போனோஜெட்டான் என்ற பெயரில் கிழங்காகக் கடைகளில் வருகின்றன. கிழங்கை மணல் மேல் வைத்தால் போதும், ஒரு மாதத்தில் அலையலையான இலைகள் நீர்மட்டத்தைத் தொடும். சில மாதம் கழித்து எல்லா இலையும் வாடிவிடும். குளம் வற்றும் காலத்துக்கான ஓய்வு அது. கிழங்கை எடுத்து ஈர மணலில் இரண்டு மாதம் வைத்து மீண்டும் தொட்டியில் போட்டால் மறுபடி துளிர்க்கும்.

முதல் தொட்டியில் வேண்டாதவை: ரொட்டாலா மக்ராண்ட்ரா போன்ற சிவப்புச் செடிகள், புல்வெளி போலத் தரையில் படரும் குட்டிச் செடிகள், கபோம்பா. மக்ராண்ட்ரா நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துச் செடிதான், ஆனால் பழகியது அங்கேயுள்ள மென்னீருக்கு. என் போர் தண்ணீர் அதற்கு ஆகாது.

மீனும் செடிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கப்பி, டெட்ரா, ராஸ்போரா பிரச்சினை இல்லை. தங்கமீன் தின்றுவிடும், ஃப்ளவர்ஹார்ன் தோண்டிப் போடும்.

கடையில்

சென்னையில் என்றால் கொளத்தூர் போதும். தெருத் தெருவாக வண்ண மீன் கடைகள். ஆனால் எங்கே வாங்கினாலும் ஒரு விஷயத்தில் கண் வேண்டும். நிலத்துச் செடிகளை நீர்ச்செடி என்று தொட்டியில் போட்டு விற்பது பரவலான பழக்கம். லக்கி பாம்பூ, சிங்கோனியம், பீஸ் லில்லி, ஊதா நிறத்தில் சுருக்கம் விழுந்த இலையுள்ள ஹெமிகிராஃபிஸ், வெள்ளைக் கோடு போட்ட ஸ்பைடர் பிளான்ட் எல்லாம் நீருக்குள் ஒன்றிரண்டு மாதம் பசுமையாக நடித்துவிட்டு அழுகும். செடியை நீருக்கு வெளியே தூக்கிப் பாருங்கள். தண்டு விறைப்பாக நின்று, இலை மெழுகு பூசியது போல இருந்தால் சந்தேகப்படலாம். அனுபியாஸ் மட்டும் இதற்கு விலக்கு, அது விறைப்பாகத்தான் இருக்கும். என் முதல் தொட்டியில் நட்ட ஐந்து வகைகளில் மூன்று நிலத்துச் செடிகள். கடைக்காரர் பில்லில் எல்லாவற்றையும் "அக்வா பிளான்ட்" என்றே எழுதிக் கொடுத்தார்.

கொண்டுவந்த அன்று

கட்டுக் கட்டாக வரும் செடிகளின் அடியில் ஈயத் தகடோ ரப்பர் பேண்டோ சுற்றியிருக்கும். கழற்றிவிட்டு, நசுங்கிய அடித்தண்டை ஒரு அங்குலம் வெட்டுங்கள். சின்னச் செடிச் சட்டியில் வந்தால் வேரைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற பொருளை முடிந்தவரை எடுத்துவிட வேண்டும். நத்தை முட்டை வேண்டாம் என்றால், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி படிகாரம் கரைத்த நீரில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி நடலாம். நான் இப்போதெல்லாம் ஊறவைப்பதில்லை; வாரிங்டன் கட்சிக்கு மாறிவிட்டேன்.

நடும் நாள்

மணலைப் பின்பக்கம் சற்று உயரமாகச் சரித்துக் கொட்டுங்கள். கல், கட்டை வைக்கும் வேலையை முதலில் முடித்துவிடுங்கள். மணலுக்கு மேல் நான்கு விரல் உயரத்துக்கு மட்டும் நீர் விட்டால் நடுவது சுலபம். நீண்ட இடுக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் விரலாலேயே நடலாம்.

தண்டுச் செடியைக் கட்டாக நடாமல் ஒவ்வொரு தண்டாக, இரண்டு விரல் இடைவெளியில், கீழ்க் கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு நடுங்கள். கட்டாக நட்டால் உள்ளே வெளிச்சம் போகாமல் அடி அழுகும். வாலிஸ்நேரியாவை ஆழமாகப் புதைத்துவிட்டு மெதுவாக மேலே இழுங்கள். வேரும் இலையும் சேரும் வெள்ளைக் கழுத்து மணலுக்கு வெளியே தெரிய வேண்டும், அது புதைந்தால் அழுகும். நடுநடுவே மேல் இலைகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். மின்விசிறிக் காற்றில் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும்.

கணிசமாக நடுங்கள். தரையில் பாதிக்கு மேல் முதல் நாளே பச்சையாக இருக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்க நான்கு செடியோடு ஆரம்பித்தால் மிச்சம் இடத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும்.

பிறகு ஒரு தட்டை மணலில் வைத்து, அதன் மேல் மெல்லிய தாரையாக ஊற்றி நிரப்புங்கள்.

முதல் ஆறு வாரம்

பெரும்பாலோர் கைவிடுவது இந்த நாட்களில்தான்.

கடைச் செடிகளில் பல, பண்ணையில் நீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்க்கப்பட்டவை. அந்த இலைகள் காற்றுக்காக உருவானவை. நீருக்குள் போட்டதும் செடி அவற்றைக் கைவிட்டு, மெல்லிய நீர் இலைகளைப் புதிதாக உருவாக்கும். எனவே இரண்டாவது வாரத்தில் பழைய இலை மஞ்சளாகி, ஓட்டையாகி, கரைவது இயல்பு. செடியின் உடல்நலத்தைப் பழைய இலையில் பார்க்காதீர்கள். நுனியில் வரும் புது இலை சிறியதாக இருந்தாலும் சுத்தமான பச்சையில் வருகிறதா? எல்லாம் சரி. கரையும் இலைகளைத் தினமும் கிள்ளி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அம்மோனியா ஏறும்.

முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு இருமுறை 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். பிறகு வாரம் ஒருமுறை. இந்தக் காலத்தில் ஃபில்டரில் பாக்டீரியா குடியேறி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றப் பழகும். மூன்று நான்கு வாரம் பொறுத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் என்று சோதனையில் தெரிந்த பிறகு மீன் விடலாம். ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில் பிழிந்தால் பாக்டீரியா பிழைக்கும்.

இரண்டாவது வாரத்துக்குப் பிறகு கண்ணாடியிலும் இலையிலும் பழுப்பு நிறத்தில் பொடி படியும். டயாட்டம் என்ற பாசி. விரலால் துடைத்தாலே போகும், ஒன்றிரண்டு மாதத்தில் தானே மறையும். இதற்குப் பயந்து மருந்து ஊற்றுபவர்கள் செடியையும் சேர்த்துக் கொல்கிறார்கள்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் காத்திருங்கள். விளக்கு நேரம், உரம், தண்ணீர் மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

உரம்

மீன்கள் நிறைய இருந்தால் நைட்ரஜனும் பாஸ்பரசும் அவற்றின் கழிவிலிருந்தே ஓரளவு வரும். பொட்டாசியமும் இரும்பும்தான் முதலில் குறையும். பாட்டிலில் வரும் நீர்ச்செடி உரங்கள் வசதியானவை, ஆனால் காசு கொடுத்துப் பெரும்பகுதி தண்ணீரைத்தான் வாங்குகிறோம். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு உரம் விற்கும் கடையில் 13:0:45 என்று கேட்டால் பொட்டாசியம் நைட்ரேட், 0:52:34 என்று கேட்டால் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். ஒரு கிலோ பை பல வருஷம் வரும்.

கலக்கும் முறை இது. 250 மி.லி. ஆர்ஓ தண்ணீரில் 13:0:45 உரம் 25 கிராம், 0:52:34 உரம் இரண்டரை கிராம். இந்தக் கரைசலில் 10 மி.லி. எடுத்து 50 லிட்டர் தொட்டியில் ஊற்றினால் நைட்ரேட் சுமார் 12 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பாஸ்பேட் சுமார் 1.4 பிபிஎம் ஏறும். சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு இது ஒரு வாரத்துக்குத் தாராளம். முதலில் 3 மி.லி.யில் தொடங்கி, வளர்ச்சியைப் பார்த்துக் கூட்டுங்கள். பாட்டில் மேல் பெரிதாக எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

அதே கடையில் 19:19:19, 12:61:0 என்றும் தருவார்கள். ரோஜாச் செடிக்கு நல்லது, தொட்டிக்கு ஆகாது. அவற்றில் அம்மோனியம் இருக்கிறது, 19:19:19-இல் யூரியாவும் இருக்கலாம். பிஎச் (அமில-கார அளவு) கூடிய நம் தண்ணீரில் அம்மோனியம் அம்மோனியாவாக மாறி ஒரே இரவில் மீன்களை முடித்துவிடும்.

இரும்பில் ஒரு நுணுக்கம். மலிவாகக் கிடைக்கும் இடிடிஏ இரும்பு, பிஎச் ஆறரைக்கு மேல் போனால் நிலைக்காது. கடினநீர்க்காரர்கள் டிடிபிஏ வகை இரும்பு கேட்டு வாங்க வேண்டும். இடிடிஎச்ஏ என்று இன்னொன்று உண்டு. அது எந்த நீரிலும் நிலைக்கும், ஆனால் தண்ணீர் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிடும்.

இலையைப் பார்த்தே பசியைக் கண்டுபிடிக்கலாம். கீழே உள்ள பழைய இலைகள் ஒரே சீராக மஞ்சளானால் நைட்ரஜன் குறை. பழைய இலையில் குண்டூசி குத்தியது போல ஓட்டை விழுந்தால் பொட்டாசியம். புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. அமேசான் சுவார்டு, கிரிப்ட் போன்ற வேர்த் தீனிக்காரர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேரருகே மாத்திரை.

கார்பன் டை ஆக்சைடு? தொட்டி ஆறு மாதம் நன்றாக ஓடிய பிறகு யோசியுங்கள். சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் வைத்து இயங்கும் கருவி சின்னத் தொட்டிக்குப் போதும். அளவு 30 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது, விளக்கு அணையும்போது அதுவும் நிற்க வேண்டும். திரவக் கார்பன் என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினி. வாலிஸ்நேரியா அதில் கரைந்துவிடும்.

பாசி

பச்சைப் புள்ளியாகக் கண்ணாடியில் ஒட்டினால் வெளிச்சம் அதிகம் அல்லது பாஸ்பேட் குறைவு. சுரண்டி எடுத்துவிட்டு விளக்கை ஒரு மணி நேரம் குறையுங்கள். நீரே பச்சையானால் போர்வையால் மூடி மூன்று நாள் முழு இருட்டு, அந்த நாட்களில் காற்றுப் பம்ப் ஓடட்டும், பிறகு பாதித் தண்ணீரை மாற்றுங்கள். செடிகள் மூன்று நாளைத் தாங்கும். நீலப்பச்சைப் போர்வை போலப் படர்ந்து மண்வாடை வீசினால் அது சயனோபாக்டீரியா. உறிஞ்சி எடுத்துவிட்டு இதே இருட்டு வைத்தியம்.

கறுப்புத் தாடி போல இலை ஓரத்தில் முளைப்பதுதான் பிடிவாதக்காரன். மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை, ஃபில்டரை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் நேராக அதன் மேல் சொட்டலாம். மொத்தமாக 4 லிட்டருக்கு 1 மி.லி.க்கு மேல் போகாதீர்கள். கால் மணி நேரம் கழித்து ஃபில்டரைப் போட்டு, கொஞ்சம் தண்ணீரையும் மாற்றிவிடுங்கள். தாடி இரண்டு மூன்று நாளில் இளஞ்சிவப்பானால் செத்துவிட்டது என்று பொருள். மாஸ் மேல் சொட்ட வேண்டாம்.

"டேங்க் கிளீனர்" என்று சக்கர் மீனைத் தலையில் கட்டுவார்கள். ஒரு விரல் நீளத்தில் வரும், ஒரு அடிக்கு மேல் வளரும், அமேசான் சுவார்டு இலையைச் சுரண்டியே சல்லடையாக்கும். நெரைட் நத்தை இரண்டு மூன்று விடுங்கள், அதன் முட்டை நன்னீரில் பொரிந்து பெருகாது.

வெயில்காலம்

ஏப்ரல் முதல் ஜூன் வரை சென்னையில் தொட்டி நீர் 32 டிகிரியைத் தாண்டும். பெரும்பாலான செடிகளுக்குப் பிடித்தது 22 முதல் 28. சூடு ஏற ஏற நீரில் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கரைவது குறையும், செடியின் சுவாசமோ கூடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் அதுதான் அடையாளம். இரவில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதால் விளக்கு அணைந்த பிறகும் காற்றுப் பம்ப் ஓட வேண்டும்.

மூடியை ஒரு பக்கம் மட்டும் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன கம்ப்யூட்டர் விசிறியைச் சரித்து வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மண்பானை குளிர்வதும் இப்படித்தான். ஆனால் நீர் வேகமாக வற்றும். இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன். வற்றியதற்கெல்லாம் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். மே மாத இறுதியில் டிடிஎஸ் 1500-ஐத் தாண்டி, கிரிப்ட் எல்லாம் கரைந்தது. வற்றியதை ஈடுகட்ட ஆர்ஓ அல்லது மழைநீர் மட்டும்; வாராந்திர மாற்றத்துக்கு வழக்கமான தண்ணீர். வெயில்காலத்தில் விளக்கை 6 மணி நேரத்துக்குக் குறைத்து, உரத்தையும் பாதியாக்குங்கள்.

வெட்டுவதும் கழிப்பதும்

தண்டுச் செடி நீர்மட்டத்தைத் தொட்டதும் பாதியில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் இரண்டு கிளை வரும், நுனித் துண்டை மறுபடி நடலாம். இரண்டு மூன்று முறை வெட்டிய பிறகு அடித்தண்டு கட்டையாகிவிடும். அப்போது பழையதைப் பிடுங்கிவிட்டு நுனிகளை மட்டும் நடுவது நல்லது. வாலிஸ்நேரியா இலையை நடுவில் வெட்டினால் வெட்டுவாய் பழுக்கும். நீண்ட இலையை அடியோடு எடுங்கள். ஓடுதண்டுக் குட்டி ஒரு சாண் உயரம் வந்ததும் தாயிடமிருந்து பிரிக்கலாம்.

வெட்டியதை என்ன செய்வது? சாக்கடையிலோ ஏரியிலோ போடக் கூடாது. 2020 நவம்பரில் கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டி பக்கம் ஒரு கால்வாய் முழுக்க இளஞ்சிவப்புப் பூ பூத்து, படம் எடுக்கக் கூட்டம் கூடியது. பூத்தது கபோம்பா இனத்தில் ஒன்று, தென் அமெரிக்கச் செடி, உலகம் முழுக்க மீன் தொட்டிக்காக விற்கப்படுவது. அழகு பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு கொத்து பறித்துப் போக, அது இன்னும் பல நீர்நிலைகளுக்குப் பரவுமே என்று தாவரவியலாளர்கள் கவலைப்பட்டார்கள். ஒரு கணு போதும் அதற்கு.

நான் வெட்டிய செடிகளை மாடியில் பழைய முறத்தில் பரப்பி, இரண்டு நாள் முறுமுறுவென்று காயவிட்டு, ரோஜாத் தொட்டியில் உடைத்துப் போடுகிறேன். வாராவாரம் மாற்றும் பழைய தண்ணீரும் அதே தொட்டிக்குத்தான். அளவு அதிகமானால் பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலைக்குப் போகிறது. அங்கிருந்து மாதம் ஒருமுறை ஒரு கொத்து திரும்பி வருகிறது.